பருப்பு வேகவில்லை, கீசர் உறுமுகிறது

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறோம். குழாய்த் தண்ணீர் அடிக்கடி நின்றுபோவதால் போர்ஹோல் (ஆழ்துளைக் கிணறு) போட்டு வீட்டுக்கு இணைத்தோம். ஒன்றரை வருஷத்தில் கீசர் எலிமெண்ட் இரண்டு முறை கருகிவிட்டது. மாற்றியும் உலை கொதிப்பதுபோல் உறுமுகிறது. துவரம்பருப்பும் வேகமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கீசரும் பருப்பும் மக்கர் செய்வதற்குக் காரணம் ஒன்றுதான். முன்பு குழாயில் வந்தது வால் (Vaal) என்ற ஆற்றின் தண்ணீர். அதில் கடினத்தன்மை, அதாவது கரைந்த கால்சியமும் மெக்னீசியமும், அதிகமில்லை. லெனேசியா, சென்டூரியன் பக்கம் பல இடங்களில் அடியில் கிடப்பது டோலமைட் பாறை. (அங்கே தரை திடீரென்று உள்வாங்குவதும் இதனால்தான்.) அந்தப் பாறையைக் கரைத்து வரும் போர்ஹோல் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட் நிறைய. சுட வைத்தால் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாக வெள்ளையாய்ப் படியும்.

கீசருக்குள் அதிகம் சூடாவது எலிமெண்ட். அதன்மேல் ஓடு கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தங்கி, கம்பி கருகும். ஓட்டுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகிக் குமிழ் உடைகிற சத்தம்தான் அந்த உறுமல்.

முதலில் ஆய்வகத்தில் மொத்தக் கடினத்தன்மையைப் பாருங்கள். லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகக் கடினம். குடிக்கவும் அதே தண்ணீர் என்றால் நைட்ரேட், இரும்பு, கிருமிச் சோதனையும் சேர்த்துக் கேளுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேல் போனால் படிவு வேகமாக ஏறும். 55-க்குக் கீழே இறக்கினால் நுரையீரலைத் தாக்கும் லீஜனெல்லா கிருமி வளர இடமுண்டு.

எலிமெண்டைக் கழற்றுவது பிளம்பர் வேலை. டிபி போர்டில் (வீட்டின் மெயின் மின்பலகையில்) கீசர் சுவிட்சை அணைத்து, கரண்ட் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்த பிறகே தொட வேண்டும். அடியில் தேங்கிய படிவை அள்ளிவிட்டு, கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பி தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடலாம். தொட்டி நிறைந்து சுடுதண்ணீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வரும்வரை சுவிட்சைப் போடக்கூடாது. வெறுந்தொட்டியில் புது எலிமெண்ட் உடனே போய்விடும். பூல் ஆசிட் (நீச்சல்குளத்துக்குப் போடும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்) ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள். அது உலோகப் பாகங்களை அரித்துவிடும்.

நிரந்தரத் தீர்வு ரெசின் சாஃப்ட்னர். அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும்; நிறைந்ததும் உப்புத்தண்ணீரால் கழுவ வேண்டும். கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம், தினச் செலவு 800 லிட்டர் என்றால் நாளுக்கு 240 கிராம் நீக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் தாங்கும். ஆகவே 25 லிட்டர் ரெசின் ஐந்து நாளுக்கு வரும். ஒவ்வொரு முறை கழுவ சுமார் 3 கிலோ உப்பு. கழுவிய உப்புத்தண்ணீரைத் தோட்டத்துக்கு விடாதீர்கள். மென்மையாக்கிய தண்ணீரில் சோடியம் கூடும். பிரஷர் உள்ளவர்கள் வீட்டில் குடிதண்ணீர்க் குழாயைத் தனியே விட்டுவிடுங்கள். பைப்பில் கட்டும் காந்தத்துக்குக் காசு வேண்டாம். அது கால்சியத்தை எடுப்பதில்லை.

கெட்டிலுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிப்பாதி ஊற்றிக் கொதிக்க வைத்து, ஒரு மணி நேரம் விட்டால் போதும். ஜிக் (Jik) ப்ளீச் மட்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

இனி பருப்பு. பருப்பின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பொருளைக் கால்சியம் இறுக்கிவிடுகிறது. தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறித் தெளிந்ததும் மேலாக வடித்து, அதில் பருப்பை ஊறவைத்து வேகவையுங்கள். புளியும் தக்காளியும் பருப்பு குழைந்த பிறகு. அவசரமென்றால் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் ஆப்பசோடா. அதற்கு மேல் போனால் சாம்பாரில் சோப்பு வாடை வரும்.