இறுக்க இறுக்க ஏன் கசிகிறது?

கேள்வி: என்னுடையது இரட்டை கார்புரேட்டர் உள்ள பழைய கார். பெட்ரோல் ஹோஸ் முனையிலுள்ள வளையத்தை (பேன்ஜோ) கார்புரேட்டரோடு பிடித்து வைக்கும் பேன்ஜோ போல்ட்டில் எப்போதும் ஈரம். வாஷர் மாற்றினேன், இரண்டு முறை இறுக்கியும் பார்த்தேன். நிற்கவில்லை.

பதில்: முதலில் ஸ்பானரைக் கீழே வையுங்கள். அங்கே பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது வாஷரும் அது உட்காரும் முகமும்தான். கார்புரேட்டரின் உலோகம் மென்மையானது. இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் மரை போய்விடும், அப்புறம் செலவே வேறு.

என்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பவுடர் வகைத் தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பிறகு போல்ட்டைக் கழற்றினால் பேன்ஜோவுக்கு இருபுறமும் பக்கத்துக்கொரு வாஷர் இருக்க வேண்டும். பலர் வெளியே தெரிகிற ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விடுவார்கள். சில கார்களில் இரண்டும் ஒரே அளவுகூட இல்லை. ஃபைபர் வாஷர் ஒருமுறைக்குத்தான். செம்பு வாஷரை, காரை விட்டுத் தள்ளிப் போய், செக்கச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிய பதத்துக்கு வரும்.

இப்போது டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, வாஷர் உட்காரும் முகத்தைப் பாருங்கள். உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் வரை முடியளவு ஒரு கீறல் ஓடினாலும் போதும், எத்தனை வாஷர் மாற்றினாலும் அந்த வழியாகப் பெட்ரோல் வரும். கண்ணாடித் தட்டின் மேல் 600 எண் எமரித் தாளை விரித்து, பேன்ஜோவை அதன்மேல் எட்டு போடுவதுபோல் மெதுவாகத் தேயுங்கள். முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமானால் போதும். துகள் உள்ளே தங்காமல் கழுவிவிடுங்கள். டெஃப்ளான் டேப் மட்டும் வேண்டாம். பிய்ந்த நார், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிறைந்ததும் வரத்தை மூடும் ஃப்ளோட் ஊசியில் போய் மாட்டும்.

ஹோஸ் வெடித்திருந்தால் பெட்ரோலில் கலந்த எத்தனாலைத் தாங்கும், எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக்குறி உள்ள ஹோஸைப் போடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் துடைத்துக் காயவிட்டு, இணைப்பைச் சுற்றி முகப்பவுடரைத் தூவி, எலெக்ட்ரிக் பம்ப் இருந்தால் பேட்டரியை மறுபடி இணைத்து, என்ஜினைக் கிளப்பாமல் அதை மட்டும் ஓட விடுங்கள். கசிகிற இடத்தில் பவுடர் முதலில் கறுக்கும். சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள், பெட்ரோல் வழிந்து வேறெங்கோதான் சொட்டும். இணைப்பில் பவுடர் வெள்ளையாகவே இருந்து ஓவர்ஃப்ளோ குழாய் நனைந்தால், ஃப்ளோட் ஊசி சரியாக மூடவில்லை, அல்லது பம்ப் அழுத்தம் அதிகம். இந்த வகைக் கார்புரேட்டர்கள் பெரும்பாலும் 3, 4 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) வரைக்கு மேல் தாங்காது.