பழைய ரெக்கார்டருக்குப் புது ஹார்ட் டிஸ்க்: எதைப் போடலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். வீட்டில் இருப்பது ஹியூமாக்ஸ் எச்டிஆர்-ஃபாக்ஸ் டி2 என்ற டிவி ரெக்கார்டர், 500 ஜிபி மாடல். வாங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. டிஸ்க் எப்போதும் நிறைந்தே கிடக்கிறது. போதாக்குறைக்கு, சில பதிவுகள் நடுவில் நின்று நின்று ஓடுகின்றன. உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு 2 அல்லது 4 டெராபைட் டிஸ்க் போட முடியுமா? சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் போதுமா, இல்லை எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) நல்லதா? இதுவரை பதிவு செய்து வைத்ததெல்லாம் போய்விடுமா?

பதில்: போடலாம். 2 டெராபைட் வரை எந்த வித்தையும் தேவையில்லை. 4 டெராபைட் ஆசையை விட்டுவிடுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பதிவுகளையும் காப்பாற்றலாம். ஆனால் அந்த வேலையைப் பழைய டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே, ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். டிஸ்க் மாற்றும் பலர் இந்த வரிசையைத்தான் தவற விடுகிறார்கள்.

முதலில், கோளாறு டிஸ்க்கில்தானா என்று பாருங்கள். ஒரு பதிவு திக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கொஞ்சம் பின்னால் போய் மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, ஒலியும் அறுபட்டால், பதிவானபோதே சிக்னல் சரியில்லை என்று அர்த்தம். அதற்கு ஆன்டெனாவையும் கேபிளையும் பார்க்க வேண்டும். புது டிஸ்க் வாங்கிப் பயனில்லை. படம் அப்படியே சில விநாடி உறைந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தால், அதுவும் ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே என்று இடம் மாறினால், டிஸ்க் மேல்தான் சந்தேகம். பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் டக் டக் என்று சத்தம் கேட்கிறதா? அப்படியானால் இன்றைக்கே காப்பி எடுக்க ஆரம்பியுங்கள்.

காப்பி எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பெட்டி பதிவு செய்வதை எல்லாம் பூட்டித்தான் டிஸ்க்கில் எழுதுகிறது. பூட்டின் சாவி டிஸ்க்கில் கிடையாது, பெட்டிக்குள் இருக்கிறது. அதனால் பழைய டிஸ்க்கைக் கழற்றி, கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபைல்களை இழுத்துப் போட்டால் அவை எதிலும் ஓடாது. அதற்குப் பதில், பெட்டியின் மெனு வழியாகவே யுஎஸ்பி டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். சாதாரண எஸ்டி பதிவுகள் பூட்டுத் திறந்தே வெளியே வரும், கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். எச்டி பதிவுகள் பூட்டோடுதான் வரும். அவை உங்கள் பெட்டியில் மட்டும் ஓடும். உங்கள் விஷயத்தில் அது போதும், ஏனென்றால் பெட்டி மாறப்போவதில்லை. புது டிஸ்க் போட்டபின் திரும்ப உள்ளே காப்பி செய்தால் அதே பெட்டி, அதே சாவி, படம் ஓடும்.

யுஎஸ்பி டிஸ்க்கை எப்படித் தயார் செய்வது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்க என்டிஎஃப்எஸ், ஃபேட்32 என்று பல முறைகள் உண்டு. கடையில் வாங்கியபடியே என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் இந்தப் பெட்டி அதைப் படிக்குமே தவிர எழுதாது. ஃபேட்32 ஆக இருந்தால் எழுதும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எச்டி பதிவு ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டினாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். எனவே காலியான ஒரு யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகி, பெட்டியையே அதை ஃபார்மட் செய்ய விடுங்கள். லினக்ஸ் முறையில் செய்துகொள்ளும், 4 ஜிபி தொல்லை இருக்காது. விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு அந்த டிஸ்க் புரியாது, பரவாயில்லை. தனி அடாப்டர் உள்ள டிஸ்க்காக இருப்பது நல்லது. சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன டிஸ்க்குகளுக்கு முன்பக்க யுஎஸ்பி துளை தரும் மின்சாரம் சில சமயம் போதாது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பெரிய ஃபைலும் கூடவே மூன்று குட்டி ஃபைல்களும் இருக்கும். குட்டிகளைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பூட்டு பற்றிய விவரமும் நிகழ்ச்சியின் பெயரும் அவற்றில்தான் இருக்கின்றன. காப்பி வேலை மெதுவாகத்தான் நடக்கும். எந்தப் பதிவும் திட்டமிடாத இரவாகப் பார்த்துத் தொகுதி தொகுதியாக விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் எடுத்துத்தான் ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். நிறைந்து வழியும் ரெக்கார்டரில் பாதிக்கு மேல் யாரும் இனி பார்க்கப்போவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

சரி, எந்த டிஸ்க் வாங்குவது? கடைக்காரர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எச்டி ஒளிபரப்பு நிகழ்ச்சிக்கு ஏற்பக் கூடும், குறையும். சராசரி விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 1 எம்பி. இரண்டு நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொண்டே மூன்றாவதாக ஒரு பழைய பதிவைப் பார்த்தாலும், நேரலையை நிறுத்திப் பார்ப்பதற்காகப் பெட்டி பின்னணியில் எழுதிக்கொண்டிருப்பதையும் சேர்த்தால் விநாடிக்கு 4 எம்பி. இன்று விற்கும் எந்த டிஸ்க்கும் இதைப்போல் இருபது முப்பது மடங்கு தாங்கும். ஆகவே 7200 சுற்று டிஸ்க் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது கூடுதல் சூடும் இரைச்சலும்தான். இந்தப் பெட்டியோடு வந்தது சீகேட்டின் பைப்லைன் வகை, நிமிடத்துக்கு 5900 சுற்று. அந்த மாதிரி நிதானமாகச் சுழல்வதே வரவேற்பறைக்கு ஏற்றது.

பார்க்க வேண்டியது உழைப்பு. நேரலையை நிறுத்திப் பார்க்கும் வசதி இருப்பதால், டிவி ஓடும் நேரம் முழுக்க, நீங்கள் எதையும் பதிவு செய்யச் சொல்லாவிட்டாலும், பெட்டி எழுதிக்கொண்டே இருக்கிறது. விநாடிக்கு 1 எம்பி என்றால் நாள் முழுவதும் 86 ஜிபி, வருடத்துக்குச் சுமார் 31 டெராபைட். டிவியை அணைக்காமலே வைத்திருக்கும் வீட்டில் ஒரு சேனலுக்கான கணக்கு மட்டும் இது. மேசைக் கம்ப்யூட்டருக்கான சீகேட் பாராகுடா போன்றவை வருடத்துக்கு 55 டெராபைட் வேலைக்கு என்று கணக்கிடப்பட்டவை. கண்காணிப்புக் கேமராவுக்கென்று விற்கும் வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டும் 180 டெராபைட் கணக்கு. முன்பு டிவி ரெக்கார்டருக்கென்றே தனி வகைகள் வந்தன. அவை சந்தையிலிருந்து போய்விட்ட பிறகு, அந்த இடத்தைப் பிடித்தது இந்தக் கேமரா டிஸ்க்குகள்தான். கேமராவுக்கும் டிவிக்கும் வேலை ஏறக்குறைய ஒன்று: இடைவிடாமல் எழுது, எழுத முடியாத இடம் வந்தால் அதிலேயே மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காமல் அடுத்ததற்குப் போ. கம்ப்யூட்டர் டிஸ்க் இதற்கு நேர் எதிர். ஒரு பழுதான இடத்தைப் படிக்க விநாடிக்கணக்கில் போராடும். கணக்கு வழக்கு ஃபைலுக்கு அது நல்லது. கிரிக்கெட் நேரலைக்கு?

இன்னொரு பொறி எஸ்எம்ஆர் எனப்படும் எழுதும் முறை. இதில் தடங்கள் ஓட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படிந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் உள்ளவற்றையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். புதிதாக இருக்கும்போது ஒரு குறையும் தெரியாது. டிஸ்க் ஒருமுறை நிறைந்து, நீங்கள் அழிப்பதும் பெட்டி எழுதுவதும் மாறி மாறி நடக்க ஆரம்பித்த பிறகுதான் திக்கல் வரும். 2 டெராபைட் அளவில் விலை குறைவாகக் கிடைக்கும் கம்ப்யூட்டர் டிஸ்க்குகளில் பல இந்த வகை. 2020ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்எம்ஆர் டிஸ்க்குகளை விற்றது வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆனது. அதற்குப் பிறகு நிறுவனங்கள் எந்த மாடல் எந்த வகை என்று பட்டியல் வெளியிட ஆரம்பித்தன. டிஸ்க் மேல் ஒட்டிய மாடல் எண்ணை அந்தப் பட்டியலில் சரிபார்த்து, சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத வழக்கமான முறை) என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். வரிசையின் பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டால் பயம் குறைகிறது: சாம்சங் 870 ஈவோ 1 டெராபைட் டிஸ்க்குக்கு நிறுவனம் தரும் உத்தரவாதம் 600 டெராபைட் எழுத்து. மேலே சொன்ன 31ஆல் வகுத்தால் பத்தொன்பது வருடம் வருகிறது. மூன்று பங்கு எழுதினாலும் ஆறு வருடம். ஆக, தாங்கும். ஆனால் அதே காசுக்கு இடம் குறைவு, இந்தப் பெட்டி வேகம் கூடப்போவதும் இல்லை. படுக்கையறையில் துளிச் சத்தமும் கூடாது என்பவர்களுக்கு மட்டும் அது சரி.

இப்போது 4 டெராபைட் விவகாரம். பெட்டி டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறையில் ஒவ்வொரு 512 பைட்டுக்கும் ஓர் எண். எண்ணுக்கு ஒதுக்கியது 32 பிட். பெருக்கினால் சுமார் 2,200 ஜிபியில் எண்கள் தீர்ந்துவிடுகின்றன. 2 டெராபைட் டிஸ்க் இதற்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் உள்ளதை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் தனியாகத் தயார் செய்து மாட்டியவர்கள் உண்டு. அந்த வழியில் போகிறவர்கள் இப்படி ஒரு கேள்வி அனுப்ப மாட்டார்கள் என்பதால் உங்களுக்கு 2 டெராபைட்டையே சொல்கிறேன். எச்டியில் மணிக்கு 3.6 ஜிபி என்றால் 550 மணி நேரம் வருகிறது. போதாதா? திரையில் 1.8 என்று காட்டும்; கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணும் முறை வேறு.

கழற்றும் வேலை சுலபம், ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. இந்தப் பெட்டிக்குள் வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் பவர் போர்டு மூடி இல்லாமல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, பிறகு திறவுங்கள். பிடுங்கிய பின்னும் அந்த போர்டைத் தொட வேண்டாம், கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். குழந்தைகள் பக்கத்தில் இல்லாத நேரமாக இருக்கட்டும். மேல்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியைப் பின்பக்கம் தள்ளித் தூக்கினால் டிஸ்க் கண்ணில் படும். வயர்களைக் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாவுக்கு ஒன்று, பவருக்கு ஒன்று, இரண்டே வயர்தான். கம்ப்யூட்டரில் உள்ள அதே சாட்டா. டிஸ்க்கோடு இருக்கும் ரப்பர் வளையங்களை மறக்காமல் புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அவை இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் ரீங்காரமிடும். பழைய டிஸ்க்கின் லேபிளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். புதியதில் அதைவிட ரொம்பக் கூடுதலாக இல்லாமல் பார்த்து வாங்கினால் பவர் போர்டுக்குச் சிரமம் இருக்காது. திறந்ததோடு திறந்ததாக ஃபேனில் படிந்த தூசியையும் ஒரு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

புது டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் ஃபார்மட் செய்துவிட்டு மாட்ட வேண்டாம். வாங்கியபடியே மாட்டி, மூடியைப் போட்டு, பிளக்கைச் செருகுங்கள். பெட்டி தானே கேட்காவிட்டால் மெனுவில் செட்டிங்ஸ், சிஸ்டம், டேட்டா ஸ்டோரேஜ் என்று போய் ஃபார்மட் கொடுங்கள். பின் நம்பர் கேட்டால், நீங்கள் மாற்றியிருக்காவிட்டால், 0000. சில நிமிட வேலை. டிஸ்க்கே இல்லை என்று சொன்னால் பதற வேண்டாம், டேட்டா வயர் முழுதாக அமரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். மறுபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். தொடர் நிகழ்ச்சிகளுக்கு நீங்கள் போட்டு வைத்த பதிவு அட்டவணை பெட்டியின் சொந்த நினைவகத்தில் இருப்பதால் அப்படியே இருக்கும். ஆர்வலர்கள் எழுதிய தனி மென்பொருளை ஏற்றியிருந்தால் அது மட்டும் டிஸ்க்கோடு போய்விடும், திரும்ப ஏற்ற வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஸ்கை கியூ சாட்டிலைட் டிவி பெட்டியையும் திறந்துவிடாதீர்கள். அது வாடிக்கையாளருக்குச் சொந்தமில்லை, நிறுவனம் இரவலாகக் கொடுப்பது. கேபிள் நிறுவனத்திடமிருந்து வந்த பெட்டியும் அப்படித்தான்.

காப்பி எடுத்த பதிவுகளை உள்ளே கொண்டுவந்த பிறகு, ஒவ்வொன்றையும் நடுவில் ஓரிடத்தில் ஓட்டிப் பாருங்கள், எச்டியை முக்கியமாக. எல்லாம் ஓடுகிறது என்று தெரியும்வரை யுஎஸ்பி டிஸ்க்கை அழிக்காமல், பழைய டிஸ்க்கையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் பழையதைத் திரும்ப மாட்டி எடுத்துக்கொள்ளலாம். திக்கிய டிஸ்க் என்பதால் வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம். வேலை முடிந்ததும் உங்கள் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தில் மின்னணுக் கழிவுப் பகுதியில் கொடுத்துவிடுங்கள்.