செருமலும் ஜெர்மனும்

கேள்வி: ஜெர்மன் படிக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறேன். ஆனால் தொண்டையைச் செருமும் அந்த உச்சரிப்புதான் வரமாட்டேன் என்கிறது. சுலபமான வழி உண்டா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: ‘செருமும்’ என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள், பாதி பாரம் இறங்கிவிடும். ஜெர்மன் என்றாலே செருமல் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். தனித்தமிழில் ‘செருமன்’ என்று எழுதுகிறவர்கள் அதற்கு முத்திரையும் குத்திவிட்டார்கள்!

‘நான்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘இஹ்’ தொண்டையில் பிறப்பதே இல்லை. ‘ய்’ என்று சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் நிறுத்திவிட்டுக் காற்றை விடுங்கள். பூனை சீறுகிற மாதிரி மெல்லிசாக ஒன்று வரும், அதுதான். ஆ, ஓ, ஊ போன்ற ஒலிகளுக்குப் பின்னால் வந்தால் மட்டும் அது உள்ளே தள்ளிப் போகும். இசைமேதை பாஹ் பெயரில் இருப்பது அந்த ஒலி. ‘பகல்’ என்னும்போது நடுவில் ககரம் இளகுகிறதே, அங்கே கொஞ்சம் காற்றை உரசவிட்டால் போதும். மெல்லிய ஒலியைத் தவறவிடாதீர்கள். ‘கிர்ஹெ’ என்றால் தேவாலயம், ‘கிர்ஷெ’ என்றால் செர்ரிப்பழம். கல்யாணம் தேவாலயத்தில் என்று சொல்ல நினைத்து, பழத்துக்குள் நடத்திவிடுவீர்கள்.

உண்மையில் வேலை அதிகம் உதட்டுக்கு. மாக்ஸ் முல்லர் என்று எழுதுகிறோம். இந்தியாவில் ஜெர்மன் சொல்லித்தரும் நிலையங்களுக்கே அவர் பெயர்தான், ஆனால் அது ‘மு’ அல்ல. கண்ணாடி முன் நின்று ‘மி’ என்று இழுங்கள். நாக்கு அப்படியே இருக்கட்டும், உதட்டை மட்டும் ‘மு’வுக்குக் குவியுங்கள். அப்படியே ‘ஏ’ என்று சொல்லிக்கொண்டு ‘ஓ’வுக்குக் குவித்தால் இன்னொரு உயிர் கிடைக்கும். அது இல்லாவிட்டால், ‘அழகு’ என்று சொல்லப்போய் ‘ஏற்கெனவே’ என்று சொல்லிவிடுவீர்கள்.

இங்கே என் பழைய சண்டை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதையும் ஆங்கிலத்தின் வழியாகவே வாங்கி உச்சரிக்கிறோம். ‘வோக்ஸ்வேகன்’ அவர்கள் ஊரில் ‘ஃபொல்க்ஸ்வாகன்’. அதைவிடக் கொடுமை, நம்மிடம் இருக்கும் குறில் நெடிலை மறந்துவிடுவது. நகரத்துக்கு ‘ஷ்டட்’, அரசுக்கு ‘ஷ்டாட்’. ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று பள்ளியில் படித்த உங்களுக்கு இது புதுசா என்ன? ரகரத்துக்கும் கவலை வேண்டாம். அவர்களில் பலர் அதை உள்நாக்கருகே ஒலிப்பார்கள்; பவேரியாவில் நம்மைப்போல நுனிநாக்கில் உருட்டுகிறவர்கள் இன்றும் உண்டு.

சரி, எதிர்த்திசையில் வந்த ஒருவரைப் பாருங்கள். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். பத்தே வருஷத்தில், 1716-ல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகிவிட்டது. அவர் தாய்மொழியில் ழகரம் கிடையாது. உங்களுக்கு ஒரு கண்ணாடியும் தினம் பத்து நிமிஷமும் போதும். இன்றைக்கே ‘மி’யில் ஆரம்பியுங்கள்.