ஸ்னைப்பரா இருந்தவங்க எத்தனை பேரை சுட்டோம்னு கணக்கு வெச்சிருப்பாங்களா? ரிட்டயர் ஆனப்புறம் லைஃப் எப்படி?

தம்பி, நீ ஏதோ மொபைல் கேம் ஆடிட்டு வந்து கேக்கறேன்னு நினைக்கிறேன், பரவால்ல, எங்க ஊர்ல சாவு வீட்லகூட என்னைப் பார்த்தா இதே கேள்விதான். எனக்கு வேலூர் கிட்ட கணியம்பாடி பக்கம், ராணுவப்பேட்டைன்னு சொல்ற கம்மவான்பேட்டைக்குக் கிட்ட. இங்க மிலிட்டரிக்காரன்னா எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான், தெருவுக்குத் தெரு இருக்காங்க, ஸ்னைப்பர்னா மட்டும் "எத்தினி?"

நான் கணக்கு வெச்சுக்கல. ஃபின்லாந்துல சீமோ ஹேஹா, 1939-40ல ரஷ்யாவோட நடந்த குளிர்கால யுத்தத்துல ஸ்கோப்பே, அதான் துப்பாக்கி மேல மாட்டற தொலைநோக்கி, இல்லாம 500க்கு மேலன்றாங்க, வியட்நாம்ல அமெரிக்காக்காரர் கார்லோஸ் ஹாத்காக்குக்கு 93. அதெல்லாம் முழு யுத்தம்பா, நான் பார்த்தது பார்டர் டியூட்டி. 'அப்ப நீ சுடவே இல்லையா'ன்னு கமென்ட் போட வர்றவங்க தாராளமா போடுங்க, அதுக்கும் பதில் சொல்ல மாட்டேன். நம்பர்தான் வேணும்னா வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல கல்லு பதிச்சிருக்கு, முதல் உலகப்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனாங்க, 14 பேர் உயிரை விட்டாங்கன்னு. அதுக்குக் கீழதான் பூக்கடைக்கு வண்டி நிறுத்தறாங்க.

எங்க வேலை முக்கால்வாசி பார்க்கறதுதான். மத்தியப் பிரதேசத்துல மோவ்ல இருக்கற ராணுவ இன்ஃபன்ட்ரி ஸ்கூல்ல புதர்ல சீப்பு, பேனா மூடின்னு போட்டு வெச்சு படுத்துக்கினே கண்டுபுடிக்கச் சொல்லுவாங்க. கையில டிராகுனோவ் ஸ்னைப்பர் ரைஃபிள், 800 மீட்டர் வரைக்கும் நம்பலாம், ஸ்கோப்புக்குள்ள ஒரு வளைஞ்ச கோடு இருக்கும், 1.7 மீட்டர் உயர ஆளை அதுல பொருத்தினா தூரம் தெரியும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரிய கானல் எப்படி அலையுதுன்னு பார்க்கணும், மத்தியானம் பாலாத்து மணல்ல பார்த்து வளர்ந்தவனுக்கு அது ஈஸி. பனியில மூச்சை ஸ்கோப் பக்கம் விட்டா கண்ணாடி பூத்துரும், ஸ்கார்ஃபுக்குள்ளயே விடணும்.

எதிர் போஸ்ட்ல கொடியில காயற துணியை வெச்சே எத்தினி ஆள் இருக்கான்னு எழுதுவோம். ஒருநாள் கொடி ரெண்டாச்சு, சாக்ஸ் கலரும் மாறிடுச்சு, வேற யூனிட் வந்துட்டான்னு வயர்லெஸ் செட்ல சொன்னேன். சாக்ஸைப் பார்த்து சொல்றியான்னு சிரிச்சாங்க. அப்புறம் பார்த்தா அதேதான், யூனிட்டே மாறியிருக்கு. என் சர்வீஸ்லயே பெருமைன்னா எனக்கு இதான், இதை சொல்ல ஆரம்பிச்சா கேக்கறவன் போனை நோண்டறான்.

ரிட்டயர் ஆனப்புறம் இன்னா, இடது காது சரியா கேக்காது. வலது தோள்ல வெச்சு சுடறவனுக்கு இடது காதுதான் பேரல் பக்கம் திரும்பி இருக்கும், அது தெரியாம ஒரு டாக்டர் வயசானா அப்படித்தான்னு எழுதிட்டாரு, டிசபிலிட்டி பென்ஷன் ஃபைல் இன்னும் சுத்திக்கினு கீது. அதை விடுங்க, கன் லைசென்ஸ் ரினியூவல்னு போனா ஒவ்வொரு தடவையும் ஒரு புது சர்டிஃபிகேட் கேக்கறாங்க, கவர்மென்ட் ரைஃபிளை குடுத்து பார்டர்ல படுக்க வெச்சப்ப எவனும் கேக்கல, ஒரு டபுள் பேரலுக்கு நன்னடத்தை சான்று வேணுமாம்.

இப்ப ஒரு பேங்க்ல கன்மேன். மேனேஜர் டீ வாங்கிட்டு வரச் சொல்றாரு, நான் எழுந்திரிக்கறதில்ல. துப்பாக்கியோட இருக்கறவன் வாசலை விட்டு நகரக்கூடாதுன்னு சொல்லிட்டேன், அவருக்குக் கோவம்தான்.