கிட்டில் புள்ளி விழுந்துவிட்டதா? எஃப்ஐவி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூனைகளின் எஃப்ஐவி பற்றியவை. பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கக்கூடிய வைரஸ் அது. ரத்தம் விட்டுப் பார்க்கும் சிறிய பரிசோதனைக் கிட்டில் அதற்கான புள்ளி விழுந்தால் பாசிட்டிவ். பதிலுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள், வழக்கமாகச் சொல்வதுதான். பூனையின் வயது, எடை, ஆணா பெண்ணா, கருத்தடை ஆகிவிட்டதா, எந்த டெஸ்ட் எடுத்தீர்கள் என்பதையெல்லாம் எழுதுங்கள். "என் பூனைக்கு இருக்கிறதாம், என்ன செய்வது?" என்று ஒற்றை வரியில் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கே: பூனைக்கு எஃப்ஐவி பாசிட்டிவ். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தொற்றுமா?

தொற்றாது. நக்கினாலும் பிராண்டினாலும் கடித்தாலும் இந்த வைரஸ் மனிதருக்கு வராது. பூனை கடித்தால் சோப்பு போட்டுக் கழுவி டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் அது வேறு கிருமிகளுக்காக.

கே: எச்ஐவி மனிதரிடமிருந்து பூனைக்குப் போய்த்தான் எஃப்ஐவி ஆனது என்கிறார்களே?

இல்லை. இரண்டும் லென்டிவைரஸ் என்ற ஒரே வைரஸ் இனம், தூரத்து உறவு, அவ்வளவுதான். 1986ல் கலிஃபோர்னியாவில் பல பூனைகள் சேர்ந்து வாழ்ந்த ஓரிடத்தில் நோயும் சாவும் தொடர்ந்தபோது, டேவிஸ் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ குழுவினர் இதைப் பிரித்தெடுத்தார்கள். கண்டுபிடித்தது அப்போதுதான், வைரஸ் அதற்கு வெகு முன்பிருந்தே பூனைகளிடம் இருக்கிறது. "பூனை எய்ட்ஸ்" என்ற பெயர்தான் பாதிப் பேரைப் பயமுறுத்துகிறது. தயவுசெய்து அந்தப் பெயரை விடுங்கள்.

கே: பாசிட்டிவ் பூனை இனி எத்தனை நாள் இருக்கும்?

வயது எழுதவில்லை, எடை எழுதவில்லை. சரி, பொதுவாகச் சொல்கிறேன். தொற்றிய சில வாரங்களில் லேசான காய்ச்சல், நெறி கட்டுதல் வரும். பெரும்பாலும் நம் கண்ணில் படாமலே போய்விடும். அப்புறம் பல வருடங்கள் ஒன்றுமே தெரியாது. எத்தனையோ எஃப்ஐவி பூனைகள் மற்ற பூனைகளைப் போலவே வாழ்ந்து, வயதாகி, வேறு காரணத்தால் இறக்கின்றன. சிலவற்றுக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி மெல்ல இறங்கி வாய்ப்புண், தீராத சளி, புற்றுக்கட்டி என்று தலைகாட்டும். எந்தப் பூனை எந்தப் பக்கம் போகும் என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எடை குறைவதுதான் பல சமயம் முதல் அடையாளம். மாதம் ஒரு முறை நிறுத்துப் பார்த்து எழுதி வையுங்கள்.

கே: இரண்டு பூனைகள் ஒரே கிண்ணத்தில் சாப்பிடுகின்றன. ஒன்று பாசிட்டிவ். பிரித்து வைக்கலாமா?

அவை சண்டை போடுகின்றனவா? அதை எழுதவே இல்லையே. எஃப்ஐவி முக்கியமாகப் பரவுவது ஆழமான கடியில். பல் உள்ளே இறங்கி எச்சில் ரத்தத்தோடு கலக்க வேண்டும். கருத்தடை செய்யாத, வெளியே திரிகிற கடுவன்களிடம் இது அதிகமாக இருப்பதும் அதனால்தான். கிண்ணம், மணல்தட்டு, ஒன்றையொன்று நக்குவது இவற்றால் பரவுவது அரிது. வெளியே விழுந்த வைரஸ் சீக்கிரம் செத்துவிடும், சாதாரண சோப்பே போதும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்குகிற ஜோடி என்றால் அப்படியே இருக்கட்டும். ரத்தம் வரக் கடித்துக்கொண்டால் பிரியுங்கள். புதிதாக மூன்றாவது பூனையைக் கொண்டுவந்து இருக்கிற அமைதியைக் கெடுக்காதீர்கள்.

இன்னொன்று. கிட் எஃப்ஐவியையும், எஃப்இஎல்வி என்ற பூனை லுகேமியா வைரஸையும் சேர்த்தே காட்டும். விழுந்தது எந்தப் புள்ளி என்று பார்த்தீர்களா? எஃப்இஎல்வி என்றால் கதையே வேறு. அது எச்சில் வழியாக, பழகுவதிலேயே பரவும்.

கே: 10 வாரக் குட்டியைத் தத்தெடுத்தோம். பரிசோதனையில் பாசிட்டிவ். "வளர்த்துப் பயனில்லை, ஊசி போட்டுவிடலாம்" என்கிறார்கள். என்ன செய்ய?

அந்தக் கருணைக்கொலை ஊசியைப் போட விடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

எஃப்ஐவியைப் பொறுத்தவரை அந்த கிட் வைரஸைத் தேடுவதில்லை, வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. குட்டி பிறந்ததும் குடிக்கிற சீம்பாலில் தாயின் ஆன்டிபாடி எல்லாம் இறங்கும். தாய்க்கு எஃப்ஐவி இருந்தால் அந்த ஆன்டிபாடியும் குட்டிக்கு வந்துவிடும், வைரஸ் வராவிட்டாலும். தாய்க்கு எஃப்ஐவி தடுப்பூசி போட்டிருந்தாலும் இதே கதைதான். 10 வாரத்தில் ரத்தம் எடுத்தால் புள்ளி விழாமல் என்ன செய்யும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தாயிடமிருந்து குட்டிக்கு வைரஸே கடப்பது குறைவு.

செய்ய வேண்டியது இதுதான்: குட்டிக்கு 6 மாதம் தாண்டியதும் மறுபடி டெஸ்ட். அப்போதும் பாசிட்டிவ் என்றால் வேறு கம்பெனி கிட்டிலோ, லேபில் வெஸ்டர்ன் பிளாட்டோ (ஆன்டிபாடியை இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பது) பிசிஆரோ (வைரஸின் மரபணுவையே தேடுவது) செய்து உறுதிப்படுத்துங்கள். பிசிஆர் நெகட்டிவ் என்றாலும் முழுதாக நம்பாதீர்கள், அது சில சமயம் தவறவிடும். அதுவரை குட்டியை வீட்டுக்குள்ளேயே வைத்து, தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் மற்றக் குட்டிகளுக்குப் போலவே கொடுங்கள்.

பல வருடம் முன்பு இதேபோல ஒரு குட்டியைத் துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். வேறோரிடத்தில் எழுதிக் கொடுத்த சீட்டோடு, ஊசிக்காகவே வந்திருந்தார்கள். துண்டுக்கு வெளியே ஒரு கால் மட்டும் நீட்டி என் ஸ்டெதஸ்கோப் குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது அது. "நாலு மாதம் பொறுங்கள்" என்று திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தபோது கிட்டை மேஜையில் வைத்து 10 நிமிடம் எல்லோரும் குனிந்து பார்த்தோம். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கன்ட்ரோல் புள்ளி மட்டும் நீலமாக வந்தது, அதாவது நெகட்டிவ். அந்தச் சீட்டை எழுதியவர் மேல் இன்னும் எனக்குக் கோபம் போகவில்லை. நன்றாக இருக்கிற பெரிய பூனையாகவே இருந்தாலும், ஒரு புள்ளியை வைத்து உயிரை எடுக்கக் கூடாது. எந்த வயதானாலும், மறுபரிசோதனை, மறுபரிசோதனை.

கே: நேற்று இரவு சண்டை போட்டுக் கடிபட்டு வந்தது. இன்று டெஸ்ட் நெகட்டிவ். நிம்மதிதானே?

இல்லை. ஆன்டிபாடி உண்டாக நாள் ஆகும். 60 நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

கே: 7 வயது கடுவன், பாசிட்டிவ். கிண்ணத்தருகே ஆசையாகப் போகிறது, ஒரு வாய் வைத்ததும் சீறிக்கொண்டு ஓடுகிறது. எச்சில் வடிகிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் பத்து நாள் நன்றாக இருக்கிறது.

நல்ல கடிதம், வேண்டியதெல்லாம் இருக்கிறது. உதட்டை மெல்லத் தூக்கிக் கடைவாய்ப் பக்கம் பாருங்கள். ஈறு செக்கச்செவேலென்று, தொட்டாலே ரத்தம் கசிகிற மாதிரி இருக்கும். பசி இருக்கிறது, வலிதான் சாப்பிட விடுவதில்லை. வலி மருந்தோடு பல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கடைவாய்ப் பற்களை, சில சமயம் எல்லாப் பற்களையும் எடுக்க வேண்டிவரும். பல்லில்லாத பூனை நன்றாகவே சாப்பிடும், பயப்படாதீர்கள். ஸ்டீராய்டை மாதாமாதம் ஊசியாகப் போட்டுக்கொண்டே இருப்பது, ஏற்கெனவே தளர்ந்த எதிர்ப்புச் சக்தியை இன்னும் அமுக்குவது.

கே: மனிதருக்கான எச்ஐவி மாத்திரை கொடுக்கலாமா?

ஜிடோவுடின் என்ற எச்ஐவி மருந்தை மட்டும் சில பூனைகளுக்குக் கொடுக்கிறோம், முக்கியமாக வாய்ப்புண்ணும் நரம்புக் கோளாறும் உள்ளவற்றுக்கு. அது ரத்தசோகை உண்டாக்கும், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். நன்றாகத் திரிகிற பூனைக்கு வேண்டாம். நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.

கே: எதிர்ப்புச் சக்திக்குப் பச்சை இறைச்சி நல்லதா?

கெடுதல். சால்மோனெல்லா, டாக்சோபிளாஸ்மா போன்ற கிருமிகள் எல்லாம் அதில் வரும். வேகவைத்துக் கொடுங்கள்.

கே: படர்தாமரைக்கு வீட்டில் மிச்சமிருந்த கிரைசியோஃபுல்வின் கொடுத்தேன். பாசிட்டிவ் பூனைக்குச் சரிதானே?

உடனே நிறுத்துங்கள். எஃப்ஐவி பூனைகளில் அது வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். ரத்தப் பரிசோதனை செய்து, வேறு மருந்து கேளுங்கள். மிச்சமிருந்தது என்பதற்காகவா மருந்து கொடுப்பார்கள்?

கே: எஃப்ஐவிக்கு 84 நாள் மருந்து கொடுத்தால் குணமாகிவிடுமாமே?

அது எஃப்ஐபி, வேறொரு வைரஸால் வரும் வேறு நோய். கடைசி எழுத்தைப் படியுங்கள்.

கே: எவ்வளவு நாளுக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்ட வேண்டும்?

6 மாதத்துக்கு ஒரு முறை. வாய், நெறி, கண், எடை பார்க்கட்டும். வருடம் ஒரு முறையாவது ரத்தமும் சிறுநீரும். அந்த எடை நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

கே: என் பாசிட்டிவ் பூனை ஆரோக்கியமாக, 5 கிலோ இருக்கிறது. வேறொரு பூனைக்கு அவசரமாக ரத்தம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது.