துப்பாக்கிக்குப் போட்ட பூட்டைப் பேச்சுக்கும் போடலாமா?

உங்கள் கேள்வி இது: "மலேசியாவில் துப்பாக்கிக்குக் கடும் சட்டம் இருக்கிறது. தீவிரவாதப் பேச்சுக்கும் அதே கடுமை வேண்டாமா? எங்கள் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அப்படி ஒன்று வந்தால் அட்மின் என்ன செய்வது?" சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்கிறீர்கள். இரண்டு கட்டுப்பாடுகளின் கதையும் உங்கள் ஊரையே தொட்டுப் போகிறது.

1948 ஜூன் 16 காலை, அங்கே எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடனே அவசரகாலம் வந்தது. அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டும் பேச்சைத் தண்டிக்கும் நிந்தனைச் சட்டமும் அதே ஆண்டுதான். அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருப்பதற்கு மரண தண்டனை என்றானது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

துப்பாக்கியில் கடுமை ஏன் எடுபடுகிறது? அது எண்ணக்கூடிய பொருள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அடிப்படை விதியே "கூடாது"தான், லைசன்ஸ் விதிவிலக்கு. செம்பனைக் கன்றைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்கிறது என்றாலும், மாநிலப் போலீஸ் தலைவரின் அனுமதி இல்லாமல் துப்பாக்கியைத் தொட முடியாது. துப்பாக்கிக் குற்றத் தண்டனையைக் கூட்டிய 1971 சட்டப்படி, சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டுவரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. கையில் இருந்ததா, இல்லையா? நீதிமன்றம் தேடவேண்டிய விடை பெரும்பாலும் அவ்வளவுதான்.

பேச்சுக்கு அப்படி அளவுகோல் கிடையாது. நிந்தனைச் சட்டம் 'நிந்தனைப் போக்கு' என்று சொல்லிவிட்டு, பேசியவரின் நோக்கம் பொருட்டல்ல என்கிறது. இந்த மாதிரி வாசகம்தான் ஆபத்து. கொலைக்குத் தூண்டுகிறவனும் சம்பளப் பாக்கிக்குக் கத்துகிறவனும் ஒரே வலையில் சிக்குவார்கள்.

நியூசிலாந்தைப் பாருங்கள். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு மாதத்துக்குள் 119க்கு 1 என்ற வாக்கில் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தார்கள். எதற்கு விலக்கு என்பதிலும் கணக்கு இருந்தது: சிறிய .22 ரகத்துக்கு 10 தோட்டாவரை, ஷாட்கன்னுக்கு 5 வரை. பேச்சில் உடனே தடை செய்தது கொலையாளியின் காணொளியையும் அறிக்கையையும். குறிப்பிட்ட இரண்டு பொருள்கள். பொதுவான வெறுப்புப் பேச்சுச் சட்டத்துக்கு எல்லை வரைய முடியாமல் இழுபட்டு, 2023இல் அரசே அதைத் திரும்பப் பெற்றது. அமெரிக்கா எதிர்முனை: உடனடி வன்முறையைத் தூண்டும் நோக்கமும், அது நடக்கக்கூடிய நிலையும் இருந்தால்தான் தண்டிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1969 பிராண்டன்பர்க் தீர்ப்பு சொன்னது. துப்பாக்கி மலிந்த நாட்டில் அந்தக் கோடு போதுமா என்பது எனக்குச் சந்தேகமே. ஆனால் 'யார், யாரிடம், எவ்வளவு உடனடியாக' என்று கேட்கும் முறை சரியானது. நம் சட்டத்திலும் அது வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாமே பார்த்தோம். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று 12 பேர் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் கைதானார்கள். கைப்பேசியில் இருந்த படங்களும் ஆதாரமாக வந்தன. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்குகளைக் கைவிட்டார். அதுவரை அவர்கள் தடுப்பில் இருந்த மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

இனி அட்மின் விஷயம். 2012இல் சேர்ந்த சாட்சியச் சட்டம் 114ஏ, நிர்வாகியாகப் பெயர் காட்டப்படுபவரையே வெளியிட்டவராக அனுமானிக்க இடம் தருகிறது. இல்லையென்று காட்டும் பாரம் உங்கள் தலையில். 'யாரோ போட்டது' என்று சும்மா இருக்காதீர்கள்.

செய்தியில் ஆள், இடம், நேரம் இருக்கிறதா? "இன்று ராத்திரி, கோயில் பின்னால, அவன" என்றிருந்தால் முதலில் 999. மற்றதெல்லாம் பிறகு. அப்படி இல்லையென்றால் அனுப்பிய எண், தேதி, மணி தெரியும்படி எழுத்துச் செய்தியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காணொளியைச் சேமிக்க வேண்டாம். அதில் என்ன இருந்தது என்று தாளில் எழுதினால் போதும். "பாருங்கப்பா, என்ன அநியாயம்" என்று கண்டிப்பதற்காகக்கூட இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடாதீர்கள், அதுவும் பரப்புவதுதான். பிறகு அட்மின் உரிமையில் எல்லாருக்குமாக நீக்கி, அனுப்பியவரை வெளியேற்றி, சூடு ஆறும்வரை அட்மின் மட்டும் பதிவிடும்படி அமைப்பை மாற்றுங்கள். அன்றே பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் செய்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. தானாகப் பதிவிறங்கும் வசதி திறந்திருந்தால், நீங்கள் பார்க்காத படமும் கேலரியில் போய் உட்கார்ந்துவிடும். குழுவில் நீக்கினாலும் அங்கே நகல் தங்கியிருக்கலாம். கேலரியையும் அதன் குப்பைத்தொட்டியையும் திறந்து பாருங்கள். ஆனால் ரிப்போர்ட் கொடுக்கப் போகும் விஷயமென்றால், அந்த நகலை என்ன செய்வது என்று பாலாயில் கேட்ட பிறகே அழியுங்கள்.