அமெரிக்கக் கிராமங்களில் மொபைல் ஹோம் பார்க் என்றால் ஏன் ஊரே எதிர்க்கிறது?

கேள்வி: அமெரிக்காவில் மொபைல் ஹோம் பார்க் (தொழிற்சாலையில் செய்த வீடுகளைக் கொண்டுவந்து வாடகை மனையில் நிறுத்தும் குடியிருப்பு) அமைக்க யாராவது ஜோனிங் மாற்றம், அதாவது எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற விதியில் மாற்றம் கேட்டால், கிராமப்புறக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) மக்கள் திரண்டு வந்து எதிர்க்கிறார்களே, ஏன்? ஏழைகள் பக்கத்தில் வந்துவிடக் கூடாது என்பதுதான் காரணமா?

வட கரோலினாவில் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறோம். போன வருடம் இந்தச் சண்டை எங்கள் வேலி வரைக்கும் வந்தது. நீங்கள் சொல்லும் காரணமும் அதில் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு முடியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் 38 ஏக்கர் சோயா வயல். ஒருநாள் காலை சாலையோரமாக மஞ்சள் பலகை ஒன்றை நட்டுவைத்திருந்தார்கள். இரண்டு நாளில் கவுண்டியிலிருந்து கடிதமும் வந்தது. எல்லையைத் தொட்டபடி நிலம் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இப்படித் தபாலில் தெரிவிக்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். வெளிமாநில நிறுவனம் ஒன்று அந்த நிலத்தை விவசாய ஜோனிலிருந்து மாற்றி, 140 மொபைல் ஹோம் நிறுத்த அனுமதி கேட்டிருந்தது. எங்கள் கவுண்டியில் விவசாய ஜோன் என்றால் ஏக்கருக்கு ஒரு வீடு. 38 வீடு வர வேண்டிய இடத்தில் 140.

பொது விசாரணைக்கு நானும் என் மனைவியும் போனோம். எதிர்த்துப் பேசத்தான் போனோம். ஆளுக்கு மூன்று நிமிடம். மேசைமேல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சின்ன விளக்கு. எங்கள் சாலையில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து போய், ஊறுகாய் போடும் கண்ணாடி ஜாடி ஒன்றை, முடிவெடுக்கும் கவுண்டி கமிஷனர்கள் முன்னால் வைத்தார். உள்ளே டீ நிறத்தில் தண்ணீர். "இது ஆகஸ்டில் என் கிணற்றிலிருந்து வந்தது. இதே நிலத்தடி நீரை இன்னும் 140 குடும்பம் உறிஞ்சினால் நான் எங்கே போவேன்?" என்று கேட்டார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நிமிடத்துக்குமேல் மிச்சம் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஜாடியைப் பார்த்தவர்கள் யாரும் இதை வெறும் பணக்காரத் திமிர் என்று சொல்ல மாட்டார்கள். இங்கே பலருக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. அவரவர் கிணறு, அவரவர் செப்டிக் டேங்க். கிணறு வற்றினால் கவுண்டி வந்து பார்க்காது, நாம்தான் மறுபடி துளை போட வேண்டும். மண்ணும் சிவப்புக் களிமண், தண்ணீரைச் சட்டென்று இழுக்காது. செப்டிக் போடுவதற்கு முன்னால் மண் அதற்குத் தோதானதா என்று சோதிப்பார்கள். அதில் தேறாத மனைகள் இந்தப் பக்கம் ஏராளம். இது போக, ஓரமே இல்லாத இரண்டு வழிச் சாலை. தீயணைப்புக்குத் தன்னார்வலர்கள்தான். இவை எல்லாம் நியாயமான கேள்விகள், அங்கே வீடு எந்த வகையாக இருந்தாலும் கேட்டே ஆக வேண்டியவை.

அதற்குப் பிறகு பேசியவர்கள் சிலர் தண்ணீரை விட்டுவிட்டார்கள். "அந்த மாதிரி ஆட்கள்", "குற்றம் பெருகும்", "வீட்டு விலை சரியும்" என்று பேச்சு திரும்பியது. அரங்கில் கைதட்டல். வீட்டு விலை பற்றிய பயம் எனக்கும் இருந்தது. எங்கள் சேமிப்பெல்லாம் அந்த வீட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கைதட்டலைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் எனக்கு முந்தைய வரிசையில் எங்கள் மகள் படிக்கும் பள்ளியின் கேன்டீனில் பரிமாறும் அம்மா உட்கார்ந்திருந்தார்.

அடுத்து அவர் எழுந்தார். பக்கத்து ஊரில் ஒரு பார்க்கில் பதினாறு வருடமாக இருக்கிறாராம். வீடு சொந்தம், கடன் அடைத்துவிட்டார். நிலம் மட்டும் வாடகை. பார்க்கை வேறொரு நிறுவனம் வாங்கிய பிறகு, நான்கு வருடத்தில் அந்த வாடகை மாதம் 275 டாலரிலிருந்து 490 ஆகிவிட்டது. "நானும் இந்த பார்க் வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். உங்கள் காரணத்துக்காக இல்லை," என்றார். யாரும் கைதட்டவில்லை.

நம் ஊரில் கோயில் அடிமனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சுவர் நம்முடையது, கீழே மண் வேறொருவருடையது. பெயரில்தான் மொபைல், உண்மையில் நகராது. 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் நூற்றில் ஒரு மொபைல் ஹோம்தான் ஒருமுறை வைத்த இடத்திலிருந்து நகர்கிறது என்று குறிப்பிட்டிருக்கிறது. நகர்த்தப் பல ஆயிரம் டாலர் ஆகும். பழைய வீட்டைப் பல பார்க்குகள் ஏற்றுக்கொள்வதும் இல்லை. அடிமனை வாடகையை ஏற்றினால் கட்ட வேண்டும், முடியாவிட்டால் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கிளம்ப வேண்டும். வாடகை நிலத்தில் நிற்கும் வீடு பெரும்பாலும் காரைப் போல அசையும் சொத்துக் கணக்கில் வருவதால், கடனுக்கு வட்டியும் கூடுதல்.

வீடுகளே மோசம் என்பது பழைய எண்ணம். 1974இல் இதற்கென்று மத்தியச் சட்டம் வந்தது. 1976 ஜூன் 15 முதல், தொழிற்சாலையில் செய்யும் இந்த வகை வீடு ஒவ்வொன்றுக்கும் நாடு முழுக்க ஒரே கட்டுமான விதிதான். 1992இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவில் இவற்றை வாரிப் போட்ட பிறகு காற்று தாங்கும் விதியையும் இறுக்கினார்கள். அரசு மானியம் இல்லாமல் சாதாரணச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய வீடு இந்த நாட்டில் இதை விட்டால் ரொம்பக் குறைவு. வட கரோலினாவில் ஒரு உள்ளாட்சி தன் எல்லை முழுவதும் இவற்றுக்கு இடமே இல்லை என்று தடுக்கவும் முடியாது, மாநிலச் சட்டம் விடாது.

அதே மாநிலச் சட்டம்தான் கவுண்டிகள் வாடகைக்கு உச்சவரம்பு வைப்பதையும் தடுக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பார்க்கை மூடி வேறு உபயோகத்துக்கு மாற்றினால் 180 நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். பதினாறு வருடம் வாழ்ந்த வீட்டைக் காலி செய்ய ஆறு மாதம்! எங்கள் ஊர்க்காரர்கள் அன்றைக்குக் காட்டிய ஆவேசத்தில் பாதியை மாநிலச் சட்டமன்றத்தில் காட்டியிருந்தால், அந்த அம்மாவுக்கும் ஏதாவது நடந்திருக்கும்.

என் முறை வந்தபோது எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. தண்ணீர் கணக்கு சரியாக வரும்வரை அனுமதி தராதீர்கள், ஆனால் இங்கே வரப்போகிறவர்களைக் குற்றவாளி என்று பேசுவதை அனுமதிக்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதன்பிறகு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நிறுவனத்தின் மனு கமிஷனர்கள் ஓட்டில் 4-1 என்று தோற்றது. சோயா இந்த வருடமும் விளைந்திருக்கிறது.

அந்த அம்மாவை வெளியே கார் நிறுத்துமிடத்தில் பார்த்துப் பேசினேன். நியூ ஹாம்ஷயரில் 1984இல் மெரிடித் என்ற ஊரில் குடியிருப்பவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து, தாங்கள் இருந்த பார்க்கைக் கடன் வாங்கி விலைக்கு வாங்கினார்கள். அதைப் பார்த்து மற்ற மாநிலங்களிலும் செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அடுத்த வாரம் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, "அந்த விஷயத்தை எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். எனக்குக் கணக்கு வேலைதான் தொழில். இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அவர்கள் பார்க்கில், அவர் வீட்டுத் திண்ணை மாதிரியான மரப்படியில் உட்கார்ந்து, பார்க்கை அவர்களே வாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். 31 குடும்பத்தில் 19 குடும்பம் கையெழுத்துப் போட்டிருக்கிறது.